ரிட்டர்ன் டிக்கெட்டில் போகிற டிக்கெட் இருக்கிறதா?

பூம்புகாரிலிருந்து பயணம் கிளம்பியவர்களில் தமிழர்கள் மறக்காத இருவர் கோவலனும் கண்ணகியும். மதுரைக்கு நடந்தார்கள், ஊர் திரும்பவே இல்லை. அவர்களுடைய பயணத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் வைப்பது சுலபம்: ஒன் வே.

சிக்கல் எல்லாம் போய்த் திரும்புகிறவர்களுக்குத்தான். ரிட்டர்ன், ரவுண்ட் ட்ரிப், டூ வே, அப் அண்ட் டவுன், டு அண்ட் ஃப்ரோ, ஆன்வர்டு என்று அரை டஜன் ஆங்கிலச் சொற்கள் வரிசையில் நிற்கின்றன. எல்லாம் ஒன்றுதானே என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில நேரம் அந்த ஒரு சொல்லுக்கு விலை பல ஆயிரம் ரூபாய்.

இன்றைய பூம்புகாரில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். மகளுக்குச் சிங்கப்பூரில் தலைப்பிரசவம். அம்மா போயாக வேண்டும். அமெரிக்க நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது: "அத்தை, ரிட்டர்ன் டிக்கெட் நான் போட்டுடறேன்."

போக வர இரண்டுக்கும் மாப்பிள்ளையே போட்டுவிடுகிறார் என்று இங்கே எல்லோருக்கும் நிம்மதி. அங்கேயோ, திரும்பி வரும் டிக்கெட் மட்டும் தன் பொறுப்பு, போகிற டிக்கெட்டை மச்சான் எடுத்திருப்பார் என்று மாப்பிள்ளைக்கு நிம்மதி. பிரசவ தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது மகள் கேட்கிறாள்: "அம்மா, எத்தனை மணி ஃப்ளைட்டும்மா?" அப்போதுதான் தெரிகிறது, போகிற டிக்கெட்டை யாருமே எடுக்கவில்லை. இனி கடைசி நேரக் கட்டணம்தான்.

இதில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. ஆங்கிலம் தெரியாதவரும் இல்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு நாட்டுப் பொருள் இருந்ததுதான் வினை.

லண்டன் ரிட்டர்ன், நியூயார்க் ரிட்டர்ன்

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ரிட்டர்ன் டிக்கெட்' என்றால் போய் வருவதற்கான டிக்கெட். ஒரு பக்கம் மட்டும் என்றால் 'சிங்கிள்'. லண்டன் ரயில் நிலையத்தில் "எ ரிட்டர்ன் டு ஆக்ஸ்ஃபோர்டு, ப்ளீஸ்" என்று கேட்டால், ஆக்ஸ்ஃபோர்டு போய் லண்டன் திரும்ப டிக்கெட் கிடைக்கும். அன்றைக்கே திரும்புவதென்றால் 'டே ரிட்டர்ன்'.

அமெரிக்கர்கள் இதையே 'ரவுண்ட் ட்ரிப் டிக்கெட்' என்பார்கள். ஒரு பக்கம் என்றால் 'ஒன் வே'. அவர்களிடம் 'ரிட்டர்ன் டிக்கெட்' என்று சொன்னால், பெரும்பாலும் திரும்பி வரும் பாதியை மட்டுமே நினைத்துக்கொள்வார்கள்.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம். வேலை பார்ப்பதும் செல்போனில் டிக்கெட் எடுப்பதும் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலத்தில். இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருப்பதால்தான் மாமியாருக்கு ஒரு பொருளும் மாப்பிள்ளைக்கு ஒரு பொருளும்.

பின்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

'ரிட்டர்ன்' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று கவனித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ரிட்டர்ன் டிக்கெட், ரிட்டர்ன் ஃபேர்: பிரிட்டிஷ் வழக்கில் போக வர இரண்டும் சேர்ந்தது.

ரிட்டர்ன் ஜர்னி: எந்த நாட்டிலும் பெரும்பாலும் திரும்பி வரும் பயணம் மட்டுமே.

ரிட்டர்ன் ஃப்ளைட், ரிட்டர்ன் ட்ரிப்: இவைதான் வழுக்கும் இடங்கள். வழக்கமாகத் திரும்பும் பயணத்தைக் குறித்தாலும், சிலர் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். இந்தச் சொற்கள் காதில் விழுந்தால், ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

நம்ம ஊர் ரிட்டர்ன்

வெளிநாட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் தெருவிலேயே 'ரிட்டர்ன்' இரண்டு வேலை பார்க்கிறது.

சென்னையில் ஆளை இறக்கிவிட்டுக் காலியாக ஊர் திரும்பும் கார் 'ரிட்டர்ன் வண்டி'. சவாரி கிடைத்தால் லாபம் என்பதால் குறைந்த வாடகைக்கு வரும். டெல்டாவிலிருந்து நெல்லோ அரிசியோ ஏற்றிப்போன லாரி, திரும்பும்போது வேறு சரக்குக்காகக் காத்திருந்தால் அது 'ரிட்டர்ன் லோடு'. "அங்கிருந்து ரிட்டர்ன் காலியா வரணும் சார்" என்று ஆட்டோக்காரர் கூடுதலாகக் கேட்பதும் இதே ரிட்டர்ன்தான். இங்கெல்லாம் பொருள் திரும்பும் பாதி மட்டும். புறநகர் ரயில் கவுன்ட்டரில் "தாம்பரம் ஒரு ரிட்டர்ன்" என்று கேட்கும்போது மட்டும் போக வர இரண்டும்.

அதனால் வாடகைக் கார் பேசும்போது "ரிட்டர்ன் எவ்வளவு?" என்று கேட்பது ஆபத்து. போய் வர மொத்த வாடகை எவ்வளவு என்று கேட்கிறீர்களா, திரும்பி வருவதற்கு மட்டும் எவ்வளவு என்று கேட்கிறீர்களா? ஓட்டுநர் எதை நினைத்துப் பதில் சொன்னார் என்பது வண்டியை விட்டு இறங்கும்போதுதான் தெரியும்.

ரவுண்ட் ட்ரிப்: ரவுண்டு என்றால் வட்டமில்லை

இருப்பவற்றில் பத்திரமான சொல் 'ரவுண்ட் ட்ரிப்'. ஓர் இடத்துக்குப் போய், கிளம்பிய இடத்துக்கே திரும்புவது என்ற பொருள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒன்றுதான். போன வழியிலேயே திரும்பினாலும் அது ரவுண்ட் ட்ரிப்தான்; வட்டமடிக்க வேண்டியதில்லை.

தூரத்தைச் சொல்லும்போதும் இது இரண்டு பக்கத்தையும் சேர்த்த கணக்கு. பூம்புகாரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ 150 கி.மீ. அம்மாவை வழியனுப்பிவிட்டு வீட்டார் அதே காரில் திரும்பினால் ரவுண்ட் ட்ரிப் 300 கி.மீ. ஒருவர் மட்டும் போய் இறங்கிக்கொள்வதென்றால் 'ஒன் வே டிராப்'. இரண்டுக்கும் கி.மீ. கட்டணம் வேறு. ரவுண்ட் ட்ரிப்புக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று கணக்குப் போடும் கார் நிறுவனங்கள் பல உண்டு. ஓட்டுநர் பேட்டா தனி. செயலியில் எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதில்தான் வாடகை இருக்கிறது.

ரயில்வேயும் இந்தச் சொல்லைக் கையில் எடுத்தது. பண்டிகைக் கூட்டத்தைச் சமாளிக்க 2025 ஆகஸ்ட்டில் 'ரவுண்ட் ட்ரிப் பேக்கேஜ்' என்ற சோதனைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 13 முதல் 26-க்குள் கிளம்பி, நவம்பர் 17 முதல் டிசம்பர் 1-க்குள் திரும்புகிறவர்களுக்கு 20 சதவிகிதத் தள்ளுபடி. பயணிகள், வகுப்பு, ஊர்கள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு டிக்கெட்டும் உறுதியானதாக இருக்க வேண்டும். ரத்து செய்தால் பணம் திரும்பாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திட்டத்தின் பெயர் ரவுண்ட் ட்ரிப். ஆனால் தள்ளுபடி 'ரிட்டர்ன் ஜர்னி'யின் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும். ஒரு பக்கத்துக்கு அடிப்படைக் கட்டணம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போக வர 1,000 ரூபாய். 20 சதவிகிதம் என்றதும் 200 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். உண்மையில் குறைவது 100 ரூபாய்தான். மொத்தத்தில் பார்த்தால் 10 சதவிகிதம். ரவுண்ட் ட்ரிப்புக்கும் ரிட்டர்ன் ஜர்னிக்கும் வித்தியாசம் தெரிந்தவருக்கு இந்த ஏமாற்றம் இல்லை.

உண்மையிலேயே வட்டமடிக்கும் பயணத்துக்கு ரயில்வேயில் வேறு பெயர் இருக்கிறது: 'சர்க்குலர் ஜர்னி டிக்கெட்'. மயிலாடுதுறையில் தொடங்கி, சென்னை, காசி, கொல்கத்தா, புரி என்று சுற்றி மீண்டும் மயிலாடுதுறைக்கே வருவது மாதிரியான பயணம் இது. கிளம்பும் ஊரும் முடியும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும். வழியில் அதிகபட்சம் 8 இடங்களில் இறங்கித் தங்கலாம். தூரம் கூடக் கூடக் கி.மீ. கட்டணம் குறைவதால், துண்டு துண்டாக டிக்கெட் எடுப்பதைவிடச் செலவு குறையும். யாத்திரை போகும் பெரியவர்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய பெயர்.

அப் அண்ட் டவுன்: நமக்கு மட்டும் புரிவது

"டெய்லி மயிலாடுதுறை டு கும்பகோணம் அப் அண்ட் டவுன்" என்றால் தமிழ்நாட்டில் புரியாதவர் இல்லை. இது ரயில்வே தந்த சொல். பிரிட்டனில் லண்டனை நோக்கிய திசை 'அப்', லண்டனை விட்டு விலகும் திசை 'டவுன்'. தண்டவாளத்தோடு அந்த வழக்கமும் இந்தியா வந்தது. இப்போதும் ரயில்களுக்குப் போக ஓர் எண், வர அடுத்த எண். சென்னை எழும்பூரிலிருந்து தஞ்சாவூர் போகும் உழவன் எக்ஸ்பிரஸ் 16865. தஞ்சாவூரிலிருந்து சென்னை வருவது 16866. முன்பதிவு செய்யும்போதும் போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட், இரண்டு பி.என்.ஆர்.

வெளிநாட்டுக்காரரிடம் "ஐ கோ அப் அண்ட் டவுன் எவ்ரி டே" என்றால் மாடிப்படி ஏறி இறங்குவதாகவோ, தவிப்போடு குறுக்கும் நெடுக்கும் நடப்பதாகவோ நினைப்பார். வேலைக்கான நேர்முகத் தேர்வில் இதற்குச் சரியான சொல் 'கம்யூட்'. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் வழக்கமாகப் போய் வருவது. "ஐ கம்யூட் ஃப்ரம் மயிலாடுதுறை" என்றால் போதும். போவதும் வருவதும் அதற்குள் அடக்கம்.

இரண்டு இடங்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஓடும் பஸ்ஸோ ரயிலோ என்றால் 'ஷட்டில்'. இந்தச் சொல்லின் பிறப்பிடம் நெசவுத் தறி. தறியில் நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகும் நாடாவுக்கு ஆங்கிலத்தில் ஷட்டில் என்று பெயர். கூறைப்புடவைக்குப் பேர்போன மயிலாடுதுறை கூறைநாட்டில் தறி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் மறக்காது.

'டூ வே டிக்கெட்' என்பதும் நம் ஊரில் புரியும். ஆனால் ஆங்கிலத்தில் 'டூ வே' பெரும்பாலும் இருபுறமும் வண்டி ஓடும் சாலைக்கு உரியது. டிக்கெட்டுக்கு ரவுண்ட் ட்ரிப் என்றே சொல்லிவிடலாம்.

டு அண்ட் ஃப்ரோ: கடிதத்தில் வந்தால் பணம்

'ஃப்ரோ' என்பது 'ஃப்ரம்' என்ற சொல்லின் பழைய உறவு. பேச்சு ஆங்கிலத்தில் 'டு அண்ட் ஃப்ரோ' என்றால் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் பல முறை ஆடுவது. இந்திய அலுவலக ஆங்கிலத்தில் மட்டும் இதற்கு வேறு மரியாதை: போக வர ஒரு முறை.

மத்திய அரசு, பொதுத்துறை நிறுவனங்களின் நேர்முகத் தேர்வு அழைப்புகளில் இந்தச் சொல்லை அடிக்கடி பார்க்கலாம். வெளியூரிலிருந்து வரும் எஸ்.சி., எஸ்.டி. விண்ணப்பதாரர்களுக்குக் குறிப்பிட்ட வகுப்பில் 'டு அண்ட் ஃப்ரோ' ரயில் கட்டணம் தரப்படும் என்று இருக்கும். போகிற செலவு மட்டும்தான் என்று நினைத்து விட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு. திரும்பும் செலவும் இதில் சேர்ந்ததுதான். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து, உரிய படிவத்தோடு கொடுக்க வேண்டும். இந்தச் சொல்லின் பொருள் தெரிந்தால் பாதிப் பணத்தை இழக்க வேண்டியதில்லை.

ஆன்வர்டு: விமான நிலையத்தில் வேறு அர்த்தம்

நம் ஊர் முன்பதிவு வழக்கில் 'ஆன்வர்டு ஜர்னி' என்றால் போகும் பயணம். அதற்கு இணையான பொது ஆங்கிலச் சொல் 'அவுட்வர்டு' அல்லது 'அவுட்பவுண்ட்'. திரும்புவது 'இன்பவுண்ட்'.

வெளிநாட்டுக் குடியுரிமைச் சோதனையில் 'ஆன்வர்டு' என்பது அங்கிருந்து அடுத்த நாட்டுக்குப் போகும் பயணம். "ரிட்டர்ன் ஆர் ஆன்வர்டு டிக்கெட்" என்று பல நாடுகள் கேட்கும். கேள்வியின் பொருள் இதுதான்: எங்கள் நாட்டைவிட்டு எப்போது கிளம்புவீர்கள், ஆதாரம் எங்கே? பூம்புகார் அம்மா 'ஆன்வர்டு' என்பதைக் கேட்டுத் தான் வந்திறங்கிய டிக்கெட்டை நீட்டினால் அதிகாரி தலையாட்ட மாட்டார். நீட்ட வேண்டியது ஊர் திரும்பும் டிக்கெட். அதன் அச்சுப் பிரதி கைப்பையில் மேலாக இருக்கட்டும். செல்போனில் சார்ஜ் போய்விட்டால் காப்பாற்றுவது காகிதம்தான்.

இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே முன்பதிவில் ரவுண்ட் ட்ரிப் எடுத்துவிட்டு, போகும் விமானத்தில் ஏறாமல் விட்டால், திரும்பும் டிக்கெட்டையும் தானாக ரத்து செய்துவிடும் விமான நிறுவனங்கள் பல. வேறு வழியில் போய்விட்டுத் திரும்பும்போது இதில் வரலாம் என்று கணக்குப் போட முடியாது. தனித்தனியாக இரண்டு ஒன் வே டிக்கெட் எடுத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. எது மலிவு, எது வசதி என்று பார்த்து முடிவு செய்யலாம்.

சரி, திரும்பும் தேதியே தெரியாவிட்டால்? பிரசவத்துக்குப் போகிறவருக்கு அதுதானே நிலைமை. தேதி குறிக்காத டிக்கெட்டுக்கு 'ஓப்பன் ரிட்டர்ன்' என்று பெயர். அது கிடைக்காத இடத்தில் தேதியை மாற்ற இடம் தரும் டிக்கெட்டைத் தேட வேண்டும். மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று முன்பே பார்க்க வேண்டும். விசா முடியும் நாளைத் தாண்டித் தேதி போகக் கூடாது.

இந்த விஷயத்தில் பழைய மாலுமிகளுக்குக் குழப்பமே இல்லை. தாலமி 'கபேரிஸ்' என்று குறித்த துறைமுகம் காவிரிப்பூம்பட்டினம்தான் என்பார்கள். அந்தக் காலக் கடல் பயணத்தில் திரும்பும் தேதியைக் காற்று முடிவு செய்தது. எகிப்திலிருந்து முசிறிக்கு வந்த ரோமானியக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் வந்து, டிசம்பர், ஜனவரி வாக்கில் திரும்பியதாகப் பிளினி 1-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அந்தக் காற்றைத் தவறவிட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டியதுதான். தேதி மாற்றக் கட்டணம் ஒரு வருஷம்!

போயிட்டு வர்றேன்

இத்தனைக்கும் தமிழில் இது இரண்டிரண்டு எழுத்து விவகாரம்: போக, வர. "போக வர எவ்வளவு?" என்று கேட்டால் எந்த ஊர்க் கார்க்காரருக்கும் சந்தேகம் வராது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட "போறேன்" என்று சொல்ல நாக்கு வராது. "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்கிறோம். திரும்பி வருவதைச் சேர்த்தே சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.

அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் "ஐ வில் கோ அண்ட் கம்" என்கிறோம். நமக்குள் பேச அது போதும். ஆங்கிலேயர் பாணியில் சொல்வதென்றால் "ஐ வில் பி பேக்". அதையும் தாண்டி "ஐ வில் ரிட்டர்ன் பேக்" என்று சொல்வது 'நடு சென்டர்' மாதிரி. ரிட்டர்ன் என்றாலே திரும்புவதுதான். பின்னால் ஒரு 'பேக்' வேண்டாம்.

கடைசியில், எந்தச் சொல் சரி என்று வாதாடுவதைவிட, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் என்று இரண்டு வரி எழுதிவிடுவது நல்லது. "அத்தை, திருச்சி டு சிங்கப்பூர் 5-ஆம் தேதி, சிங்கப்பூர் டு திருச்சி அடுத்த மாசம் 2-ஆம் தேதி, ரெண்டு டிக்கெட்டும் நானே போட்டுட்டேன்." இதில் ரிட்டர்னும் இல்லை, ரவுண்ட் ட்ரிப்பும் இல்லை, குழப்பமும் இல்லை.

ஒரு நிமிடப் பயிற்சி

1. அமெரிக்காவில் இருக்கும் தோழி "மை ரிட்டர்ன் டிக்கெட் இஸ் ஃபார் சண்டே" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்புகிறாரா, திரும்புகிறாரா?

2. கார் நிறுவனம் "ரவுண்ட் ட்ரிப் 500 கி.மீ." என்கிறது. போகும் ஊர் எவ்வளவு தூரம்?

3. குடியுரிமை அதிகாரி "ஆன்வர்டு டிக்கெட்?" என்கிறார். வந்த டிக்கெட்டைக் காட்ட வேண்டுமா, கிளம்பும் டிக்கெட்டையா?

விடைகள்: 1. திரும்புகிறார். 2. 250 கி.மீ. 3. அந்த நாட்டைவிட்டுக் கிளம்பும் டிக்கெட்.